ஸ்வெட்டருக்குள் மறைத்த பட்டை

உன்னுடைய பொருள் ஒன்று இன்று என் கைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால், நீயும் நானும் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பிள்ளைக்காம்பராவில் யாரும் இல்லை. கூரைத் தகரத்தில் மழை மட்டும் காலையிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. நாளைக்கு ஒரு புதுப் பிள்ளை வருகிறதே என்று அலுமாரியின் கீழ்த்தட்டைத் துடைக்கப் போனேன். பழைய போர்வைகளுக்கு அடியில் கையை விட்டபோது கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தால், மஞ்சள் பூப்போட்ட பிளனல் துணியில் தைத்த நீளமான உறை. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன். குழந்தைப் பவுடரும் கைவலிக்குத் தடவுகிற தைலமும் கலந்த வாசம். நீதான். அந்த இரண்டும் சேர்ந்து வேறு யாரிடமும் வீசியதில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்தது பெரிதில்லை, எழும்புவதுதான் பெரும்பாடாகிவிட்டது. கையை ஊன்றி எழும்ப இப்போது எனக்கு ஏலாது. கடைசியில் முழங்கையைச் சத்துமாப் பெட்டியில் முட்டுக்கொடுத்து உருண்டு புரண்டு எழும்பினேன். நீ இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். சிரி. எனக்கும் வந்துவிட்டது, அதே முடக்குவாதம். உனக்கு ஆரம்பித்த மாதிரியே வலது மணிக்கட்டில். காலையில் விரல்கள் யாருடையதோ போல இருக்கின்றன. சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால்தான் அடுப்பு மூட்டுகிற அளவுக்காவது மடங்கும்.

இந்தக் கையோடுதான் நாளைக் காலை வாசலில் நிற்கப்போகிறேன். வருகிற புதுப் பிள்ளை உன் பேத்தி. நீ பார்க்காத பேத்தி. உன் மகள் போன வாரம் அவளைச் சால்வையில் சுற்றிக்கொண்டு என் லயத்து வீட்டுக்கு வந்தாள். பிரசவ லீவு முடிகிறதாம், மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக வேண்டுமாம்.

"பெரியம்மா, பிள்ளைய ஒங்க கையிலதான் குடுக்கப் போறேன். அம்மா இருந்திருந்தா அம்மா கையில குடுத்திருப்பேன். வேற யாருன்னாலும் எனக்கு மனசு கேக்காது" என்றாள்.

என் கையைச் சேலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "கொண்டாந்து குடுடி, நான் பாத்துக்குறேன்" என்றேன். என்ன துணிச்சல் பார் எனக்கு. அதற்கு இரண்டு நாளைக்கு முன்புதான் தொட்டிலிலிருந்து ஒரு பிள்ளையைத் தூக்கும்போது மணிக்கட்டு விட்டுப்போய், பிள்ளை என் வயிற்றோடு வழுக்கி இறங்கியது. முழங்கையால் சுவரோடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டேன். விளையாட்டு என்று நினைத்து அது கெக்கெக்கென்று சிரித்தது. எனக்கு உயிரே போய்விட்டது. பிள்ளையைப் பாயில் படுக்கவைத்துவிட்டுக் குசினி அடுப்படிக்குப் போய் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதேன். உன் இடத்துக்கு அவர்கள் இன்னும் ஆள் போடவில்லை. பிள்ளைகள் குறைந்துவிட்டார்களாம், ஒருத்தி போதுமாம். ஒன்பது பிள்ளைகளும் நானும்தான். கை ஏலாது என்று இந்த இடத்துக்குப் பொறுப்பான மேடத்திடம் சொன்னால் வீட்டுக்குப் போ என்பார்கள். சொல்லாவிட்டால் ஒரு நாள் யாரோ பெற்ற பிள்ளை சிமெந்துத் தரையில் விழும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் ஒரு நல்ல மணிக்கட்டுப் பட்டை தேடி அலைகிறேன்.

அலைந்த கதையைக் கேள். முதலில் ஹட்டனுக்குப் போனேன். மருந்துக்கடை நானா பாவம், பெட்டி பெட்டியாக எடுத்துப் போட்டுப் பார்த்தார். கடைசியில் கறுப்பாக, இழுபடுகிற மாதிரி ஒன்று என் கைக்குக் கொள்ளும்போல இருந்தது. உள்ளே ஒரு கம்பித் தகடு. போட்டால் கை நிற்கிறது, உண்மைதான். ஆனால் ஒரு நாளில் எத்தனை தடவை பிள்ளை கழுவுகிறோம்? நனைந்துவிட்டால் இந்த லிந்துலைக் குளிரில் அது மூன்று நாளைக்குக் காயாது. ஈரப் பட்டைக்குள் தோல் வெந்து உரிந்தது. பிறகு மகன் கொழும்பிலிருந்து ஒன்று அனுப்பினான். ஆம்பிளைக் கைக்குச் செய்தது, முழங்கை வரைக்கும் வந்து நின்றது. பெருவிரல் போகிற ஓட்டை மட்டும் என் வீங்கின விரலுக்குச் சின்னது. அதை விடப் பெரிய தொல்லை அந்த ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோ. கழற்றும்போது பர்ரென்று கிழிகிற சத்தம். ஒன்று எழும்பினால் ஒன்பதும் எழும்பும் என்று உனக்குத் தெரியாதா? ஒரு மணி நேரம் தொட்டிலாட்டித் தூங்கவைத்த பிள்ளைகளை என் கையே எழுப்பிவிட்டது.

அதற்குப் பிறகுதான் நுவரெலியாவுக்கு, நீ போன அதே கிளினிக்குக்குப் போனேன். அங்கே ஒரு இளம் மிஸ், சுடுதண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் தட்டைப் போட்டு, அது தொய்ந்ததும் எடுத்து என் கையில் படுக்கவைத்து, தன் இரண்டு உள்ளங்கையாலும் அமர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அது என் கையாகவே இறுகிவிட்டது. வலி இல்லாமல் என் கை நின்ற முதல் தடவை அது. அழுகை வந்துவிட்டது. அவள் பயந்துபோய்ச் சுடுகிறதா என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து நான் செய்த வேலையைக் கேட்டால் நீ தலையில் அடித்துக்கொள்வாய். கழுவி, மழைக்காலத்தில் எல்லாத்தையும் காயப்போடுகிற மாதிரி அடுப்புக்கு மேலே பரணில் விறகோடு வைத்தேன். விடிந்து பார்த்தால் கோணிக்கொண்டு கிடந்தது. மறுபடி போய் நின்றேன். "அம்மே, லிப லங்க தியன்ன எப்பா" என்றாள் அந்த மிஸ் சிங்களத்தில். அடுப்புப் பக்கம் வைக்காதே என்று. திட்டவில்லை, இன்னொன்று செய்து தந்தாள்.

ஆனால் அதையும் வேலைக்குப் போட முடியவில்லை. அதன் விளிம்பு கெட்டி. பிள்ளையை அணைத்தால் கன்னத்தில் கீறும். உனக்கு இது தெரியும். உனக்குத்தான் முதலில் தெரியும்.

நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. நீ கிளினிக்கிலிருந்து அந்தப் பட்டையைப் போட்டுக்கொண்டு வந்த முதல் நாள் இங்கே இருந்த அத்தனை பிள்ளைகளும் அதைத் தட்டிப் பார்க்க வரிசையில் நின்றார்கள். நீ ராணி மாதிரி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அன்று பின்னேரம் ஒரு பிள்ளையின் கன்னத்தில் சிவப்பாக ஒரு கோடு. தாய் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தூக்கிக்கொண்டு போனாள். பேசியிருந்தால் பரவாயில்லை. அவள் பேசாததுக்கும் சேர்த்து நான் பேசினேன்.

"அந்தத் தகரத்தக் கழட்டி வச்சிட்டுத் தூக்குடி. பிள்ளைகளுக்குக் காயம் வந்தா ரெண்டு பேரும் வீட்டுக்குத்தான் போகணும்."

தகரம் என்றேன். உன்னுடைய ஒரே ஆறுதலைத் தகரம் என்றேன். நீ என்னைப் பார்க்கவில்லை. மெதுவாகக் கழற்றி, ஸ்வெட்டர் பைக்குள் வைத்துக்கொண்டாய். அடுத்த நாளிலிருந்து நான் அதைப் பார்க்கவில்லை. கண்ணில் படாததால் உன் கை சுகமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. தூக்குகிற வேலையைப் பாதிக்குப் பாதி பிரித்தேன். பாரமான பிள்ளைகளைக்கூட உன் பக்கம் தள்ளினேன்.

நீ அந்த நாளிலிருந்து வெயில் அடித்தாலும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. நான் கேலி செய்தேன். தாய்மார் வருகிறதுக்கு முன்னால் தினமும் கதவுக்குப் பின்னால் போய், கையை வாய்க்குக் கொண்டுபோய் ஏதோ செய்துகொண்டிருப்பாய். ஒரு நாள் எட்டிப் பார்த்து, "என்னாடி, கையக் கடிச்சுத் திங்கிறியா?" என்று கேட்டேன்.

நீ திரும்பாமலே, "பசிக்குதுடி. ஒங் கையையும் குடு" என்றாய்.

இரண்டு பேரும் சிரித்தோம். நீ என்ன செய்கிறாய் என்று நான் வந்து பார்க்கவில்லை. நாலு எட்டு வைத்திருந்தால் போதும்.

பிறகு அந்தக் காலை. ஒரு தாயிடமிருந்து பிள்ளையை வாங்கித் திரும்பினாய். உன் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. பிள்ளையைக் கீழே விடாமல், நீயே பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிட்டாய். உன் இடுப்பு சிமெந்தில் அடிபட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பிள்ளை உன் மடியில் பத்திரமாக இருந்தது. தாய் பார்த்துக்கொண்டே நின்றாள். அடுத்த நாள் நீ வேலையை விட எழுதிக் கொடுத்துவிட்டாய். ஏன்டி என்று சண்டை பிடித்தேன். "எங் கைய நானே நம்பல. அவங்க எப்புடி நம்புவாங்க?" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். என் மேல் ஒரு குற்றமும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அதுக்குப் பிறகு ஒரு வருடம்கூட இல்லை. நெஞ்சுச்சளிக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், நீ திரும்பவில்லை. உன்னைக் கிடத்தியிருந்தபோது கைப் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்ட வந்தார்கள். விரல்கள் கோணிப்போய்ச் சேரவில்லை. இரண்டு பெண்கள் பிடித்துச் சேர்த்துப் பார்த்தார்கள். நீதானே கூட இருந்தவள், நீ கட்டு என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் வெளியே போய்விட்டேன். உன் கையைத் தொட எனக்குத் தைரியம் இல்லை.

இன்று தொட்டேன். இந்த உறையைச் சொல்கிறேன். நீ தைத்தால் தையல் எங்கே என்று தேட வேண்டும், அப்படிப் பெயரெடுத்தவள். இதில் ஒவ்வொரு தையலும் பல்லிளித்துக்கொண்டு கோணல்மாணலாக ஓடுகிறது. ஊசி பிடிக்க முடியாத விரலால் எத்தனை நாள் தைத்தாயோ. விளிம்பு முழுக்கத் துணியை இரட்டையாக மடித்துவிட்டிருக்கிறாய். எந்தப் பிள்ளைக்கும் கீறாது. வெல்க்ரோவைப் பிய்த்துவிட்டு, பிள்ளைச் சட்டைக்கு வைக்கிற வெள்ளை நாடா நாலு தைத்திருக்கிறாய். உள்ளே உன் பட்டை. கழற்றி வைக்கச் சொன்னேனே, அந்தத் தகரம். நீ அதை விடவே இல்லை. பிள்ளைகளுக்கும் நோகாமல், என் கண்ணிலும் படாமல் ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொண்டுதான் நான் தள்ளிவிட்ட பாரத்தையெல்லாம் தூக்கியிருக்கிறாய். வழியைக் கண்டுபிடித்தவள் என்னிடம் சொல்லவில்லை. சொல்கிற மாதிரி நான் இருக்கவில்லை.

உன் பட்டையைப் போட்டுப் பார்த்தேன். உன் கைக்கு வார்த்தது, என் எலும்பில் இடித்தது. மெல்ல உருவி எடுத்துவிட்டு, என் பையில் கிடந்த என்னுடையதை உன் உறைக்குள் விட்டேன். கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது, ஆனால் போனது. கையில் போட்டேன். நாடாவைக் கட்டத்தான் தெரியவில்லை. ஒரு நுனியை இடது கையால் பிடித்தால் மற்ற நுனியைப் பிடிக்க ஆள் வேண்டும். ஒன்றுக்கு இரண்டு தடவை முயன்றுவிட்டு, கோபத்தில் நாடாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்க நுனிகள் மட்டும் நைந்து, மங்கலாக, சின்னச் சின்னப் பள்ளமாக இருந்தன. பல் தடம்.

கதவுக்குப் பின்னால் நீ என்ன செய்தாய் என்று இப்போதுதான் தெரிகிறது. பசிக்குதுடி என்றாயே, பாவி. அந்த இடத்திலேயே பல்லை வைத்து இழுத்தேன். ஒரு சத்தமும் இல்லாமல் இறுகியது. மழையைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நாடாவை வாயிலிருந்து எடுக்காமலே இருந்தேன்.

நாளைக்கு நான் கதவுக்குப் பின்னால் போகமாட்டேன். ஸ்வெட்டருக்கு மேலேதான் கட்டுவேன். தாய்மார் எல்லாரும் பார்க்கட்டும், மேடமும் பார்க்கட்டும். என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை, பயமாகத்தான் இருக்கிறது. வாசலில் ஒரு பாய் போட்டு, நான் முதலில் உட்கார்ந்துகொள்வேன். உன் மகள் வந்ததும், அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்திருக்கிறது, உட்கார்ந்துதான் வாங்குவேன் என்று சொல்வேன். அவள் பிள்ளையைப் பார்ப்பாள், என் கையைப் பார்ப்பாள், அவள் அம்மா தைத்த மஞ்சள் பூவையும் பார்ப்பாள். தந்தால் வாங்குவேன்.