கிணற்றடி வரை

31 மே 1998, ஞாயிறு

இன்று மதியம் பத்து நிமிடம் என் கணவரைக் காணவில்லை.

பக்கவாதம் வந்த இந்த நான்கு மாதத்தில் நான் பிடிக்காமல் அவர் ஓரடி வைத்ததில்லை. காற்றாவது நன்றாயிருக்கும் என்றுதான் நகரத்தில் கேம்ப் பகுதியில் இருக்கும் வீட்டைப் பூட்டிவிட்டு, சாஸ்வட் ஊர்ப் பக்கம் இருக்கும் எங்கள் இரண்டு ஏக்கர் நிலத்துக்கு வந்தோம். சாப்பிட்டதும் அவரை மாமரத்தடிக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு நானும் கண்ணயர்ந்துவிட்டேன்.

"அம்மா, அப்பா கட்டில்ல இல்ல!" மகள் வித்யாதான் எழுப்பினாள்.

புழுதியில் ஒரு காலடியும் அதன் பக்கத்தில் கால் இழுபட்ட கோடும் கிணற்றை நோக்கிப் போயின. ஓடும்போது என்ன நினைத்தேன் என்பதை இங்கேகூட எழுதமாட்டேன்.

கிணற்றின் கல்விளிம்பில் உட்கார்ந்திருந்தார். எதிரே தண்ணீர்மேல் சாய்ந்திருந்த கருவேலமரத்தில், தூக்கணாங்குருவிகள் கரும்புத் தோகையைக் கிழித்து வந்து கூடு முடைந்துகொண்டிருந்தன.

"ஏங்க, தனியாவா வந்தீங்க?"

"கூடு கட்ட ஆரம்பிச்சிடுச்சு, ராஜி. மழை வந்துடும்." வார்த்தைகள் குழறின.

திட்டத்தான் போனேன். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். வித்யாவும் வந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். வெயில் மஞ்சளாகும்வரை குருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேற்கே மேகம் மெல்ல ஏறிவந்தது.

திரும்பும்போது கேட்டார்: "நாளைக்கும் வரட்டுமா?"

இருபத்தாறு வருடத்தில் அவர் என்னிடம் எதற்கும் இப்படிக் கேட்டதில்லை.

"வாங்க. ஆனா என்னை எழுப்பிட்டு வாங்க."

சரியென்று தலையாட்டினார். நாளை மதியம் நான் தூங்கப்போவதில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.