பங்களா வாசலில் நீங்கள் சொன்ன பதில்

இன்று காலை முழங்கால் வலிக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மடியிலிருந்து தைலப் புட்டியை எடுத்து நெற்றியில் தேய்த்தாள். அவ்வளவுதான், நீங்கள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் உங்களை நினைத்தால் முதலில் வருவது அதுதான். நீங்கள் பட்டாளத்தில் இருந்தபோது வாரம் தவறாமல் உங்களுக்குக் கடிதம் போட்டவள் நான். செத்துப்போன புருஷனுக்கு எழுதக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. அதனால் வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வடக்கே சண்டை முடிந்து நீங்கள் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கிய அன்று உங்களை மேலும் கீழும் பார்த்தேன். கை இருந்தது, கால் இருந்தது, உடம்பில் ஒரு கீறல் இல்லை. உங்கள் அம்மா தெருவிலேயே சூடம் ஏற்றிச் சுற்றிப் போட்டார். பக்கத்தில் குண்டு விழுந்து, மண்ணுக்குள் புதைந்து கிடந்த உங்களைத் தோண்டி எடுத்தார்கள் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரியும். அதையும் நீங்கள் சொல்லவில்லை. உங்களோடு இருந்த ஒருவர் லீவில் வந்தபோது சொன்னார். உங்களிடம் கேட்டதற்கு, "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டீர்கள்.

ஒன்றுமில்லாதவர் ஏன் சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும்? ஊருக்கு வெளியே பாறைக்கு வெடி வைக்கிற சத்தம் கேட்டால் ஏன் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரோரம் குப்புறப் படுக்க வேண்டும்? ஒருநாள் பின்னாலிருந்து தோளைத் தொட்டேன், அடித்துவிட்டீர்கள். அடித்த கையாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அழுதீர்கள். அதற்குப் பிறகு தெருமுனையிலிருந்தே "நான்தான் வரேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வருவது என் வழக்கமாகிவிட்டது. தண்ணீர்க் குடத்தைக்கூடத் துணி விரித்துத்தான் இறக்குவேன்.

தலைவலி வந்தால் வீடு முழுக்கத் தைல வாசனை. "தலைக்குள்ள யாரோ தகரத்தத் தட்டிக்கினே இருக்கான், பச்சை" என்பீர்கள். பச்சையம்மா என்ற என் பேரை அப்படிச் சுருக்கியது நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் அம்மா காற்று கருப்பு என்று தாயத்துக் கட்டினார். தெருக்காரர்கள் மிலிட்டரி சரக்கு செய்கிற வேலை என்று சிரித்தார்கள். நீங்கள் சாராயத்தை மோந்துகூடப் பார்க்காதவர் என்று அவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றியதுதான் மிச்சம். மருந்துக் கடையை ஒட்டி இருந்த டாக்டர் உங்கள் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "காயமே இல்லையேம்மா. டானிக் எழுதித் தரேன்" என்றார். தோல் கிழிந்தால்தான் காயம் என்று இவர்களுக்கெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

இப்படி இருக்கும்போதுதான் அவில்தார் பாய் அந்தச் சேதியோடு வந்தார். பஜாரில் சைக்கிள் கடை வைத்திருந்தாரே, உங்களுக்கு முன்னாலேயே பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சண்டையில் தலையில் அடிபட்டவர்களையும் மனசு கலங்கியவர்களையும் பற்றி மெட்ராசில் ஒரு டாக்டர் ஆராய்ச்சி செய்கிறாராம். நம் ஊர் டிராவலர்ஸ் பங்களாவுக்கு வருகிறாராம். தொந்தரவு இருக்கிறவர்களைப் பொறுக்கி எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பார்களாம். பாய் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த வாரம் முழுக்க உங்களுக்குப் பாடம் நடத்தினேன். "தலைவலியச் சொல்லுங்க. வழி மறந்து போறதச் சொல்லுங்க. என்னை அடிச்சதையும் சொல்லுங்க, எனக்கு வெக்கம் இல்ல" என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினீர்கள்.

டாக்டர் வந்த அன்று காலை நீங்களே முகம் மழித்து, பூட்சைத் துடைத்து, பொத்தான்களைச் சரியாகப் போட்டுக்கொண்டீர்கள். இப்படிப் போய் நின்றால் தொந்தரவு இருக்கிறது என்று யார் நம்புவார்கள் என்று அப்போதே நினைத்தேன். பங்களா வாசலில் பாய், சுற்றுவட்டாரத்திலிருந்து வந்திருந்த பட்டாளத்துக்காரர்கள் உங்கள் எல்லோரையும் "லைன்ல நில்லுங்கப்பா" என்று நிறுத்தினார். பெரியவர்கள் வந்தால் அப்படித்தான் வரவேற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பெண்கள் நாங்கள் புளியமரத்தடியில் நின்றோம். ஜீப்பில் இருந்து இறங்கிய டாக்டர் காக்கி கால்சட்டையும் விறைப்பு நடையுமாக வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்துப் பேசுவார் என்று நான் நினைத்திருந்தேன். அவரோ நடந்தபடியே, "ஏதாவது தொந்தரவு உண்டா?" என்று கேட்டுக்கொண்டு போனார். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். நீங்களும் குதிகாலைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, எனக்கு மறந்தே போயிருந்த அந்தப் பழைய குரலில் சொன்னீர்கள்: "தொந்தரவு எதுவும் இல்லை சார்!"

நான் ஓடிவந்தேன். "பொய் சார்! தூங்கறதே இல்ல சார்!" என்று கத்தினேன்.

"அவரே இல்லைன்னு சொல்றாரேம்மா. ஆராய்ச்சின்னா அவர் வாயால சொல்றதுதான் கணக்கு. நீங்க சொல்றதை நான் எடுத்துக்க முடியாது" என்றார் டாக்டர்.

"அப்ப அவரையே கேளுங்க. இங்கேர்ந்து எங்க வூட்டுக்கு எப்படிப் போறதுன்னு கேளுங்க சார்!"

கூட்டத்தில் யாரோ, "அந்தம்மாவுக்கு மெட்ராஸ் பாக்க ஆசை போலக்கிது" என்றார்கள். சிரித்தார்கள். டாக்டரும் லேசாகச் சிரித்தார். நீங்கள் மட்டும் ஆடாமல் அசையாமல் எதிரே பார்த்தபடி நின்றீர்கள். ஜீப் கிளம்பிப் போய்விட்டது.

திரும்பி வரும்போது பஜார் முக்கில் நின்றுவிட்டீர்கள். நம் தெரு இடது கைப் பக்கம். சின்ன வயதில் நீங்கள் கோலி விளையாடிய தெரு. என் முகத்தைப் பார்த்து, "பச்சை, எந்தப் பக்கம்?" என்றீர்கள்.

நடு பஜார் என்றுகூடப் பார்க்கவில்லை நான். "இதத்தான அங்க சொல்லச் சொன்னேன்! அந்த ஒரு வார்த்த அங்க வாயில வரலியா?" என்று கத்தினேன். நீங்கள் கோபப்படவில்லை. உண்மையாகவே புரியாமல், "ஆபீசர் கேட்டா வேற இன்னாத்த சொல்றது?" என்றீர்கள்.

மறுநாள் பாயிடம் சண்டைக்குப் போனேன். அவர் பாவம், பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த கையோடு எழுந்து நின்றார். "பட்டாளத்துல லைன்ல நிக்கும்போது ஒருத்தன் தொந்தரவுன்னு வாயத் தொறந்தான்னா, அன்னிக்கு கம்பெனில இருக்கற அத்தன சிப்பாயும் வெயில்ல ஓடணும்மா. கூட நிக்கறவனுக்காக இல்லைன்னுதான் சொல்லுவோம்" என்றார்.

"அவரு ஆபீசர் இல்ல பாய், டாக்டரு!"

"ஜீப்புல வந்து எறங்குனா எங்களுக்கு எல்லாருமே ஆபீசர்தாம்மா."

அவரை நான் என்ன சொல்ல? ஆனால் அந்த டாக்டரை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அவ்வளவு படித்தவர் உங்களை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டு, மெதுவாகக் கேட்டிருக்கக் கூடாதா? செஞ்சிப் பக்கத்துச் சிப்பாய்கள் எல்லோரும் சௌக்கியம் என்று போய் எழுதியிருப்பார். அதைப் படித்துவிட்டு இன்னும் நாலு டாக்டர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நீங்களோ யாரும் உங்களை வெயிலில் ஓட வைக்காத இந்த ஊரில், பக்கத்தில் நின்றவர்களைக் காப்பாற்றிக்கொண்டு நின்றீர்கள். உங்கள் பக்கத்தில் நின்றவள் நான் இல்லையா? என்னை யார் காப்பாற்றுவது?

அதற்குப் பிறகு எந்த ஜீப்பும் வரவில்லை. தகரம் தட்டுகிறவன் கடைசிவரை உங்கள் தலைக்குள்ளேயே இருந்தான். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தீர்கள். கடைசியில் கஞ்சி வேண்டுமா என்று கேட்டதற்கும், "ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கேன்" என்றுதான் சொன்னீர்கள். அப்போதும் எனக்குக் கோபம் வந்தது. இன்றும் குடத்தைத் துணி விரித்துத்தான் இறக்குகிறேன். திடுக்கிட வீட்டில் ஆள் இல்லை என்று தெரிந்துதான் செய்கிறேன்.

இன்று என் முறை வந்து உள்ளே போனேன். டாக்டர் சின்னப் பெண். என் முழங்காலை அமுக்கிப் பார்த்து, மாத்திரை எழுதிவிட்டு, "வேற ஏதாவது தொந்தரவு இருக்குதா பாட்டி?" என்றாள்.

"இருக்குது" என்றேன். "எனக்கில்ல. எங்க வூட்டுக்காரருக்கு."

"அவரும் வந்திருக்காரா? உள்ளே வரச் சொல்லுங்க."

"அவரு போயி ரொம்ப வருஷம் ஆவுது. இருந்தாலும் கேளு. தலையில அடி, பட்டாளத்துல. அப்ப ஒருத்தர் கேக்க வந்தாரு, இவரு சொல்லல."

அந்தப் பெண் வாசலில் இருந்த கூட்டத்தைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். தகரம் தட்டுகிறவனிலிருந்து ஆரம்பித்தேன். பஜார் முக்குக்கு வரும்போது, எனக்குள் நீங்கள் குதிகாலைச் சேர்த்துக்கொண்டு வாயைத் திறப்பது தெரிந்தது.

"நீங்க சும்மா இருங்க" என்று அதட்டிவிட்டு, மிச்சத்தையும் சொன்னேன்.