படகை இழுக்க ஒரு வண்டி

பிப்ரவரி 3, செவ்வாய்

பழைய பிக்கப் இன்று துறைச் சரிவிலேயே உயிரை விட்டது. பின்னால் டிரெய்லரில் படகு, பாதி தண்ணீரில், பாதி கரையில். இவர் கியரை மாற்றி மாற்றிப் போடுகிறார், ஆணி டப்பாவைக் குலுக்கியது போலச் சத்தம்தான் வருகிறது. கடைசியில் பட்டறை டிராக்டர் வந்து எல்லாவற்றையும் சேர்த்து இழுத்தது. மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "கியர்பாக்ஸ் போச்சுங்க. இனிமே இதுக்கு வைத்தியம் பாக்காதீங்க."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான் வந்தது. இனி இவர் ஓட்ட வண்டி இல்லை. சாப்பிடும்போது சொன்னார்: "புதுசா ஒண்ணு பாக்கணும். நல்லா இழுக்கற மாதிரி." அவ்வளவுதான் என் சந்தோஷத்தின் ஆயுள்.

பிப்ரவரி 4

போன மாதம் கண் டாக்டர் சொன்னதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். வீட்டில்தான் வாயைத் திறக்க முடியவில்லை. பக்கப் பார்வை போய்விட்டது. நேரே தெரியும், ஓரம் தெரியாது. போனது திரும்பாது, இருப்பதும் குறையும். "வண்டி ஓட்றத விட்ருங்க" என்றார் அந்த அம்மாள். இவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். வெளியே வந்து, வண்டியை எடுத்து, வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துதான் வந்தேன். நான் மட்டும் என்ன யோக்கியம்?

மற்றவர்கள் படகைக் கூலிக்கு இறக்கி ஏற்றுவதுதான் எங்கள் பிழைப்பு. கல்யாணமான நாளிலிருந்து ஒரே வழக்கம். நான் தண்ணீரோரம் நின்று கையைக் காட்டுவேன், இவர் கண்ணாடியில் பார்த்து டிரெய்லரைப் பின்னால் இறக்குவார். போன மழைக்காலத்திலிருந்து, "கைய ஆட்டாத, வாயால சொல்லு" என்கிறார். தொண்டை கிழியக் கத்துகிறேன். படகுக்காரர்கள் எங்களுக்குள் ஏதோ சண்டை என்று நினைக்கிறார்கள்.

வேறு யார் ஓட்டுவது? என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, எப்போதோ விற்றுவிட்ட சின்னக் காருக்கு எடுத்தது. படகு ஏற்றிய டிரெய்லரைப் பின்னால் எடுப்பதா? ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் அது வலது பக்கம் போகும்.

பிப்ரவரி 9

முதல் வண்டி. விற்பனைக்காரருக்கு நான் வைத்த பெயர் பல்லழகர். கெட்ட செய்தியைக் கூடச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார் போல. "இந்த டீசல் இஞ்சின், மலையக் கட்டி விட்டாலும் இழுக்கும் சார்."

"இழுக்கறது பெரிய விஷயமில்ல தம்பி. சரிவுல பாரம் பின்னாலேந்து தள்ளும்போது நிக்குமா?" என்றார் இவர்.

அதைக் கேட்டதும் பெருமையாகத்தான் இருந்தது. படகின் எடை, டிரெய்லரின் எடை, கொக்கியில் எவ்வளவு பாரம் இறங்கும், அதற்குமேல் கயிறும் சங்கிலியும் நாங்கள் இரண்டு பேரும், எல்லாவற்றையும் கூட்டிச் சொன்னார். எல்லாம் பொருந்தியது. என்னையும் ஏறிப் பார்க்கச் சொன்னார். பல்லழகர் கை கொடுத்துத்தான் ஏறினேன். நான் இறங்கியதும், "வேணாம். ஏறி உக்காரவே ஏணி வேணும்" என்றார் இவர்.

ஆறடி மனிதர் சொல்கிற பேச்சா இது? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

பிப்ரவரி 14

இன்னொரு வண்டி. கிளட்ச் கல்லு மாதிரி இருக்கிறதாம். வேண்டாமாம்.

பிப்ரவரி 17

நிலைக்கதவில் இடித்துக்கொண்டார். இடது தோள். கதவைத் திட்டினார்.

பிப்ரவரி 20

மூன்றாவது வண்டியை வெளியே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். பல்லழகர் பின் சீட்டில், நான் பக்கத்தில். திருப்பத்தில் இடது ஓரமாக ஒருத்தி சைக்கிளில் வருகிறாள். நான் பார்க்கிறேன், இவர் திருப்பிக்கொண்டே போகிறார். "ஐயோ" என்று ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தேன். நூலிழையில் தப்பினாள். பல்லழகர் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"பாத்தேன், பாத்தேன்" என்றார் இவர். பாக்கல. பாக்கவே இல்ல.

வீட்டுக்கு வந்து கொட்டித் தீர்த்துட்டேன். யாரையாவது கொன்னுட்டுதான் அடங்குவீங்களா, டாக்டர் சொன்னது காதுலயும் விழலயா, கண்ணுதானே போச்சு — இப்படிச் சொல்லிட்டேனே. சொல்லியிருக்கக் கூடாது. அவர் நேரா வெளிய போய் டிரெய்லரக் கழுவ ஆரம்பிச்சார். கழுவின இடத்தையே கழுவிட்டிருந்தார்.

பிப்ரவரி 21

அந்த வண்டியும் வேண்டாமாம். மூக்கு நீளமாம், முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாதாம்.

மார்ச் 2

ஏற்கெனவே யாரோ ஓட்டிய பிக்கப். போதுமான இழுவை, அதற்கு மேல் இல்லை. கிளட்ச் கிடையாது, கியர் தானாகவே மாறும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இணைப்பு. இவர் ஓட்டுநர் கதவைத் திறந்து, ஏறாமல், கையால் சீட்டுக்கு அடியில் தடவினார்.

"இது இன்னும் முன்னாடி வருமா?"

பல்லழகர் சிரித்தார். "உங்க உயரத்துக்குப் பின்னாடில்ல சார் தள்ளணும்?"

"எனக்கில்ல."

அப்போதுதான் உறைத்தது. ஏணி, கிளட்ச், நீள மூக்கு. ஒவ்வொன்றும் என் காலுக்கும் என் உயரத்துக்கும் பார்த்தது. இந்த மனுஷன் முதல் நாளிலிருந்தே எனக்குத்தான் வண்டி பார்த்திருக்கிறார்.

நன்றி சொல்லத் தோன்றவில்லை, கோபம்தான் வந்தது. "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? எனக்கு வராது. அப்புறம் எதுக்கு அன்னைக்கு நீங்க ஓட்டினீங்க?"

"நான் ஓட்டிப் பாக்காம உன் கையில எப்படிக் குடுப்பேன்?"

பல்லழகர் நாகரிகமாக நகர்ந்துபோய் ஒரு டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மார்ச் 19

வாங்கிய வண்டியில் என் முதல் பாடம். வெறும் டிரெய்லர், காலி மைதானம். அப்படியும் அது வண்டியோடு மடிந்து பின் விளக்கை நொறுக்கியது. "ஸ்டியரிங்க அடியில பிடி. கை போற பக்கம் டிரெய்லர் போகும்" என்கிறார். கை எந்தப் பக்கம் போகிறது என்பதே எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதேன்.

ஏப்ரல் 8

இரண்டு படகுக்காரர்கள் வேறு ஆளிடம் போய்விட்டார்கள். குறை சொல்ல முடியாது. சரிவில் நான் வண்டியோடு குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றால் அன்றைக்கு யாருக்கும் துறை இல்லை.

ஜூலை 11

மறுபடியும் கண் டாக்டர். நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை என்றார். வரும் வழியில் அடுத்தடுத்த திருப்பங்களை இவர் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தார், ஏதோ எனக்கு உதவுவது போல. பாதையைப் பார்த்துச் சொல்லவில்லை. ஞாபகத்திலிருந்து சொன்னார்.

செப்டம்பர் 30

இப்போது இவர் டிரெய்லரின் விளிம்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு கூடவே தண்ணீருக்குள் நடக்கிறார். ஒரு தட்டு தட்டினால் நிறுத்த வேண்டும், இரண்டு தட்டினால் வரலாம். அவர் விழுந்துவிடுவாரோ என்று கண்ணாடியில் படகைப் பார்க்காமல் அவரையே பார்க்கிறேன். வண்டி கோணலாகப் போகிறது.

நவம்பர் 16

இன்று நேராக இறங்கியது. ஒரே தடவையில். ஒரு தட்டுகூட வாங்காமல் படகை ஏற்றி, சரிவில் இழுத்து, மேலே கொண்டுவந்து நிறுத்தினேன். பாரம் தள்ளவில்லை, வண்டி அசையாமல் நின்றது. இதற்கு இந்த வண்டி போதும்.

இவர் சரிவின் ஓரமாக மேலே நடந்து வந்து, எனக்கு நேர் எதிரே நின்றார். பெரிய சாமர்த்தியசாலி போல ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, முடிந்தது என்று ஆட்டினேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் ஆட்டினேன். அப்படியே நின்றார்.

"வாயால சொல்லு" என்றார்.