திவ்யாவுக்கு சீட் கிடைக்கவில்லை, கலா

என் பிரியமான கலாவுக்கு,

அங்கே நீ நிம்மதியாக இருக்கிறாயா? இங்கே எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நம் பெண்ணுக்கு மெடிக்கல் சீட் கிடைக்கவில்லை. பல் டாக்டர் படிப்பும் இல்லை. கடைசி ரவுண்டும் முடிந்துவிட்டது.

நடுவில் ஒரு கூத்து வேறு. ரேங்க் லிஸ்ட்டில் அவள் பேர் வந்ததையே சீட் கிடைத்ததாக நினைத்து, கும்மிடிப்பூண்டி கம்பி மில்லில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் தெருமுனையில் பேனர் கட்டிவிட்டார்கள். 'எங்கள் காலனியின் முதல் டாக்டர்' என்று கொட்டை எழுத்தில். அவள் படத்தின் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் வேறு. பாசத்தில் செய்தவர்களை எப்படித் திட்டுவது? முடிவு வந்ததிலிருந்து பிள்ளை தெருவில் இறங்கவேயில்லை.

ஷிஃப்ட் முடிந்து வந்து நானே ஏறி அவிழ்த்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த முருகன், "மடிச்சு வெச்சிக்கோண்ணா, அடுத்த வருசம் ஆவும்" என்றான். நல்ல மனுஷன், அதுதான் பேஜாரு. பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன்.

மில்லுக்கு லீவு சொல்லிவிட்டேன். அவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நிற்கிறேன். தண்ணீர்ச் சத்தம் கொஞ்சம் நின்றாலும் "கண்ணு, கண்ணு" என்று கூப்பிடுகிறேன். பயம், கலா. பேப்பரில் படித்ததெல்லாம் ஞாபகத்துக்கு வந்து தொலைக்கிறது.

நேற்று அவளே கதவைத் திறந்தாள். "இன்னா நைனா, இங்கியே நின்னுகினு கீற? நான் ஒண்ணும் பண்ணிக்க மாட்டேன். போய் நாஷ்டா துன்னு."

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். முடிவு வந்த பிறகு முதல் அழுகை.

"சீட்டு போனாகூட பரவால்ல நைனா. அம்மா ஆசை, அம்மா ஆசைன்னு நீ சொல்லிகினே கீற. அம்மாக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

தைரியம் கொடுப்பதாக நினைத்துத்தான் அப்படிச் சொல்லிவந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ டாக்டராவணும்" என்றாயே, அது உன் ஆசைதானா? இல்லை, அழுகிற பிள்ளையைத் தேற்ற வாயில் வந்ததைச் சொன்னாயா? அன்றைக்கே கேட்டிருக்கலாம். யாருக்குத் தோன்றியது?

நர்சிங்குக்கும் பிசியோதெரபிக்கும் இன்னும் வழி இருக்கிறதாம். செல்போனில் அதைப் பார்க்கிறாள், மூடி வைக்கிறாள், மறுபடி பார்க்கிறாள். எது என்று கேட்க நாக்கு துடிக்கிறது. வாயைக் கட்டிக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன், கேட்டுக்கொள். இனி உன் பேரைச் சொல்லி அவளை எதற்கும் உந்த மாட்டேன். அவள் நர்ஸ் ஆனாலும் சரி, வேறு எதைப் படித்தாலும் சரி, அம்மாவுக்குச் சம்மதம் என்று உன்னைக் கேட்காமலே சொல்லிவிடுவேன். கோபம் வந்தால் என் கனவில் வந்து சண்டை போடு. அவள் கனவில் வந்தால் மட்டும் சிரித்துவிட்டுப் போ.

உன் வீட்டுக்காரன்,
திவ்யாவின் நைனா