வலது இடுப்பில் ஒரு மைத்துனன்

நெய்தல் தொலைத்தொடர்பு அஞ்சல் நிலையம், செவ்வாய்ச் சுற்றுப்பாதை
பணியில் இருப்பவர்: ஆவுடையப்பன், தனி ஆள்

திங்கள், 06:10
இதைக் கண்டெடுத்து வாசிக்கப்போகிறவருக்கு முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்திரண்டு வயது ஆள், தினமும் காலையில் பனியனைத் தூக்கிக்கொண்டு கண்ணாடி முன் நின்று, என் வலது இடுப்புக்குள் இருக்கும் சிறுநீரகத்தோடு பேசுகிறேன். "என்னலே கோமதி, ஒறங்குனியா?" என்று பெயர் சொல்லியே விசாரிப்பேன். மூன்று வருடம் முன்பு மைத்துனன் கோமதிநாயகம் தானமாகக் கொடுத்தது.

ஆண்டெனாக்கள் சரி. ஆக்சிஜன் சரி. கிரியாட்டினின் 1.8, போன வாரம் 1.2. சிறுநீரகம் சுணங்குகிறது. இங்கே டயாலிசிஸ் கிடையாது. ஆளை ஏற்றிப்போகும் கலம் வர ஏழு மாதம்.

செவ்வாய், 14:30
மருத்துவ இயந்திரத்துக்கு நான் வைத்த பெயர் டாக்டரம்மா. திரையில் எழுதியது: "நிராகரிப்பு தொடங்கியிருக்கிறது. கொடையாளியின் திசுவை உங்கள் உடல் எதிர்க்கிறது. மாத்திரையைக் கூட்டுகிறேன்."

எதிர்ப்பா? எங்களுக்குள்ளா? நான் கட்டியது சொந்தத் தாய்மாமன் மகள் சங்கரவடிவை. அவள் தம்பிதான் கோமதி. ஒரே ரத்தம். எங்கேயோ இடிக்கிறதே!

எச்.எல்.ஏ. என்று ஒரு சமாச்சாரம். ஒவ்வொரு செல்லும் சட்டையில் குத்திக்கொண்டிருக்கும் அடையாளம்; பாதி அப்பா வழி, பாதி அம்மா வழி. நம் எதிர்ப்புப் படை கல்யாண மண்டப வாசலில் நிற்கும் பெரியப்பா மாதிரி. பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா என்று கேட்பார். முழித்தால் பிடரியைப் பிடித்துத் தள்ளுவார். அந்தச் சிறுநீரகம் என் ரத்தத்தில் உதிர்க்கும் மரபணுத் துணுக்குகளை என்னுடையதோடு ஒப்பிடப் போட்டிருக்கிறேன்.

புதன், 09:05
முடிவு வந்தது. ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

அறுவைக்கு முன் ஆஸ்பத்திரியில் பொருத்தம் பற்றி ஏதோ விளக்கினார்கள். ஜாதகத்தில் பத்துக்கு எட்டு பார்த்துக் கட்டிய குடும்பம், நான் காதில் வாங்கவில்லை. இப்போது தோன்றுகிறது: சிறுநீரகம் கொடுத்தவன் இரண்டே மாதத்தில் மாடி ஏறித் தண்ணீர்த் தொட்டி கழுவுவானா? அன்றைக்கே எனக்கு உறுத்தியது. இது கோமதியுடையதே அல்ல. எவனுடையதையோ வைத்துவிட்டு நல்ல பெயர் வாங்கிக்கொண்டான்.

வீட்டுக்குச் செய்தி அனுப்பினேன்.

வியாழன், 11:40
சங்கரவடிவின் பதில்: "கிறுக்கு பிடிச்சிருக்கா ஒங்களுக்கு? என் தம்பி தையலோட குப்புறப் படுக்க முடியாமக் கெடந்தான். அவன்ட்ட போயி, நீ குடுத்தது ஒன்னுதுதானான்னு கேக்கச் சொல்லுதிய. மனுசனா நீங்க?"

கூடவே கோமதி: "அத்தான், தழும்ப போட்டோ எடுத்து அனுப்பிருக்கேன், நல்லாப் பாத்துக்கிடுங்க. பிடிக்கலன்னா திருப்பி அனுப்பிருங்க. தபால் செலவு என்னுது."

தழும்பு இருக்கிறது. வரைந்தால்கூட இப்படித்தான் இருக்கும்.

வெள்ளி, 16:20
கிரியாட்டினின் 3.4.

டாக்டரம்மா: "மாமன் மகனாக இருந்தாலும், பொதுவான மரபணுத் தொகுதி ஒன்றும் வராமல் போக நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு. மூன்று வருடமாகச் சிறுநீரகத்தைக் காப்பாற்றியது, எதிர்ப்புப் படையை அடக்கிவைக்கும் மாத்திரைதான். சமீபத்தில் ஏதோ ஒன்று படையை உசுப்பியிருக்கிறது. புதிதாக எதையாவது உட்கொள்கிறீர்களா?"

கேள்வியைப் பார்த்தீர்களா? பழியை என் வாய்மேல் போடுகிறாள். கோமதியோடு கூட்டு. 'இல்லை' என்று தட்டினேன். மாத்திரையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விழுங்குகிறேன்.

ஞாயிறு, 13:15
5.9. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. வாயில் இரும்பு ருசி. சாப்பாடு போனால் போகட்டும், வம்பளக்கக்கூட மூச்சு இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

கோமதியின் குரல்பதிவு: "அத்தான், எங்கிட்ட இன்னொண்ணும் இருக்கு. அத வச்சுக்கிட்டு நான் என்ன செய்யப் போறேன். நீங்க மட்டும் ஊரு வந்து சேருங்க. ஏசவாவது செய்ங்க அத்தான், சும்மா இருக்காதிய."

அழுகிறான். நிஜமாகத்தான் அழுகிறான் போல. நடிப்பாகவும் இருக்கலாம்.

திங்கள், 05:50
8.1. எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது. டாக்டரம்மா சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே

கண்டெடுத்தவரே, விசாரிக்க வேண்டியவர்கள்: கோமதி. ஆஸ்பத்திரி. இந்த இயந்திரம். என்னை விட்டுவிடலாம், நான் பத்தியம் தவறியதே இல்லை. உடம்பு தளராமல் இருக்க, போன மாதம் ஆளில்லாச் சரக்குக் கலத்தில் வரவழைத்த லேகியம் மட்டும் காலை மாலை ஒரு கரண்டி. வெள்ளிக்கிழமையிலிருந்து மூன்று. நல்ல சரக்கு. டப்பா மேலேயே போட்டிருக்கிறான், கொட்டை எழுத்தில்: உடலின் எதிர்ப்பு சக்தியைப் பத்து மடங்கு பெருக்கும்.