கள்ளிமுளையான் இருந்த வேலி

ஏனுங்க,

நீங்க போய் வருசம் ஒண்ணு ஆச்சு. இன்னமும் உங்களை இப்படித்தான் கூப்பிட வருது. முந்தாநாள் உங்க நினைவு நாள். அன்னைக்கு நடந்ததைச் சொல்லாம எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது.

சின்னச்சாமி அண்ணன் தோட்டத்து மேக்கு வேலி இருந்துச்சுல்லீங்க, அது இப்ப இல்லை. எழுதிட்டேன். எழுதின பின்னாடியும் நம்ப முடியலை.

செடிகளைக் காப்பாத்த நீங்க ஆரம்பிச்ச நம்ம குழுவுக்குப் புதுசா வந்தவங்களுக்கும் புரியட்டும்னு சொல்றேன். பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டுக்குக் கெழக்க இருந்த முள்ளுவேலி அது. அதுக்கடியிலதான் கள்ளிமுளையான், விரல் உயரத்துக்குப் பட்டை பட்டையா நிக்கும். ஒரு காலத்துல ஆடு மேய்க்கறவங்க காட்டுல பிடுங்கித் தின்னுட்டே போன செடி. இப்ப நாமறிஞ்சு அந்த ஒரு வேலியிலதான் கூட்டமா இருந்துச்சு.

பதினோரு வருசத்துக்கு முன்னாடி நீங்க போய்க் கேட்டீங்க. "இந்த வேலியில மட்டும் அருவா வைக்காதீங்கண்ணா. பதிலுக்கு எங்காளுங்க வந்து உங்க கடலைக்குக் களையெடுத்துக் குடுக்கறோம்." சரி தம்பின்னாரு. காகிதம் இல்லை, போர்டும் இல்லை. போர்டு வெச்சா மருந்துக்குப் பிடுங்கறவன் வந்துருவான்னு நீங்கதான் வேண்டாம்னீங்க.

உங்க நினைவு நாளுக்கு எல்லாரும் அந்த வேலிகிட்டவே கூடலாம்னு முடிவாச்சு. அதுக்கு நாலு நாள் முன்னாடி அண்ணன் நம்ம ஊட்டுக்கு வந்து, "அம்மணி, நெறைய சனம் வருமா?"ன்னாரு. அடுப்புல பருப்பு பொங்குது. "ஆமாங்கண்ணா, பூச்சி பொட்டு கெடக்கும், வேலியோரத்தைக் கொஞ்சம் சுத்தம் பண்ணி வெச்சிருங்க"ன்னு திரும்பிக்கூடப் பாக்காமச் சொல்லிப்போட்டேன். நான் நெனச்சது நடக்கற தடத்துப் புல்லைத்தான். அவரோ, உங்களுக்குக் குடுத்த வாக்கு இனி வேண்டாம்னு உங்க ஊட்டுக்காரியே சொல்லிட்டான்னு நெனச்சுட்டாரு. அந்த மனுசன் வேற என்னதான் நெனப்பாரு?

நினைவு நாள் காலையில போறோம், வெறும் செம்மண்ணு. இந்தக் கோடியில நின்னா அந்தக் கோடி தெரியுது. தண்ணி தெளிச்சு, நாற்காலி போட்டு, உங்க போட்டோவுக்கு மாலை போட்டிருந்தாரு. வெள்ளை வேட்டியில சிரிச்சுட்டே வந்து, "எப்புடி இருக்குது அம்மணி? ரெண்டு நாளு மிசினு விட்டேன், தம்பிக்காக" அப்படீன்னாரு.

சித்தூர்ல இருந்து வர்ற நம்ம லீலா டீச்சர் மண்ணுலயே உக்காந்துட்டாங்க. "இத்தனை வருசம் காப்பாத்திட்டு இப்ப எதுக்கண்ணா? ஆரு சொன்னா?"

அண்ணன் என்னைப் பாத்தாரு. நான் வாயைத் தொறக்கலைங்க. பத்துப் பேரு மாத்தி மாத்தித் திட்டறாங்க, நான் உங்க போட்டோவைப் பாத்துட்டு நிக்கறேன். இப்படி ஒருத்திகூடவா நீங்க குடும்பம் நடத்தினீங்க?

"ஆரும் சொல்லலை டீச்சர். எம் புத்திதான் கெட்டுப்போச்சு" அப்படீன்னுட்டு அவரு தலையைக் குனிஞ்சுட்டாரு. செடி போனதைவிட அதுதான் என்னைத் தூக்கிப் போட்டுருச்சு.

மிசினு தள்ளின மண்ணைக் கிளறி ஒரு கூடைத் துண்டு பொறுக்கினோம். ஊணி வெச்சாப் பொழைக்கும்னு டீச்சர் சொல்றாங்க, பொழைக்குமான்னு தெரியலை. எங்க நடலாம்னு பேச்சு வந்தப்ப, சின்னச்சாமி தோட்டம் மட்டும் வேண்டாம், இனி அங்க களையெடுக்கவும் போக வேண்டாம்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. அதுக்கும் நான் சும்மாதான் இருந்தேன். அண்ணன் அன்னையிலிருந்து டீக்கடைப் பக்கமே வரலையாம்.

ஞாயித்துக்கெழம குழு கூடுது. எதுத்து நின்னா மறுபடியும் வாயடைச்சுப் போயிருமோன்னு பயமா இருக்குது, அதுக்குத்தான் இதை எழுதி வெச்சேன். அண்ணனைக் கூட்டிட்டு வந்து முன்னால உக்கார வெச்சுட்டு, மொத எழுத்துல இருந்து கடைசி வரைக்கும் எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிப்பேன். இது சத்தியமுங்க.

உங்க ஊட்டுக்காரி,
சரசு