செங்கலடிக்குப் போகும் மடக்குக் கத்தி

தெமோதரை
வியாழக்கிழமை

அன்பு மகள் நிரோஷினிக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவின் கோபமும் நலம். அங்கே செங்கலடியில் நீயும் உன் பிடிவாதமும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

போன் இருக்கும்போது அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். லயத்து வீடுகளுக்கு நடுவில் ஒற்றைச் சுவர்தான், போன் பேசினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அம்மாவுக்கு, நான் பேசாததும் சேர்த்துக் கேட்கும். மெசேஜ் அனுப்பலாம் என்றால் என் போனை என்னைவிட அவள்தான் அதிகம் பார்க்கிறாள். அதனால் தேயிலைக் கொழுந்து லொறியைத் தொழிற்சாலை வாசலில் நிறுத்திவிட்டு, சாக்குகளை இறக்கும் நேரத்தில் ஸ்டியரிங்மேல் பேப்பரை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் ஸ்டியரிங்கைத் திட்டிக்கொள்.

பொங்கலுக்கு வந்த நீ கோபித்துக்கொண்டு போனதைப் பற்றி நான் யார் பக்கமும் பேசப் போவதில்லை. அரசாங்க வேலை கிடைத்த மகளுக்கு என்று அம்மா ஆசை ஆசையாகத் தோடு செய்து வைத்திருந்தாள். நீ தோடு வேண்டாம், தோட்டத்துக்குப் போகும்போது வைத்துக்கொள்ள ஒரு நல்ல மடக்குக் கத்தி வாங்கித் தாருங்கள் என்றாய். விவசாயப் போதனாசிரியருக்குக் கத்தி தேவைதான். எனக்குப் புரிகிறது. ஆனால் பெற்றவளுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் அந்தக் கத்தியையே உன் கையில் திணித்து, இந்தா கத்தி என்றாள். நீயும் சும்மா இருந்தாயா? இந்த வீட்டில் நான் கேட்டது எப்போது கிடைத்திருக்கிறது என்று ஒரு வார்த்தை விட்டாய். மறுநாள் முதல் பஸ்ஸில் போய்விட்டாய். அன்றிலிருந்து நீ போன் எடுத்தால் அவள் அடுப்படியில், அவள் பக்கத்தில் இருந்தால் உனக்கு அவசர வேலை. நடுவில் நான் ஒருவன், இரண்டு பேருக்கும் செய்தி வாசித்துக்கொண்டு.

சரி, கேட்டதையாவது வாங்கிக் கொடுப்போம் என்று லொறிக்கு பல்ப் வாங்கும் சாக்கில் பதுளை பஜாருக்குப் போனேன். நம்ம அஸீஸ் நானாவின் ஹாட்வெயார் கடைதான். எந்த வேலைக்கு என்று கேட்டார். மகளுக்கு, தினமும் பையில் வைத்திருக்க என்றேன். உள்ளேயிருந்து இரண்டு மூன்று கத்திகளை எடுக்கப் போனார். அதற்குள் என் கண் முன்னால் தொங்கிய ஒன்றில் விழுந்துவிட்டது. பளபளவென்று, பிடியில் கழுகுப் படம், அமுக்கினால் டக்கென்று திறக்கிறது. நானா முகத்தைச் சுளித்தார். அது கண்ணுக்கு வாங்குகிற சாமான், கைக்கு வாங்குகிறது இல்லை என்றார். வியாபாரிகள் விலை கூடியதைத்தான் நல்லது என்பார்கள் என்று நினைத்துக்கொண்டு கழுகையே வாங்கி வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் பார்சலில் அனுப்புகிறேன். வேறு மாதிரி வேண்டும் என்றால் எழுது. மெசேஜ் அனுப்புவதானால் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டு நேரத்தில் அனுப்பு. அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருப்பாள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புள்ள அப்பா,
கணபதி


தெமோதரை
செவ்வாய்க்கிழமை

அன்பு மகளுக்கு,

உன் மெசேஜைப் படித்ததும் அழித்துவிட்டேன். கத்திக்கு, திறந்தால் தானாக மடங்காதபடி லொக் இருக்க வேண்டும், துருப்பிடிக்கக் கூடாது, ஒரு கையால் திறக்க வேண்டும், ஆட்டினால் ஆடக் கூடாது என்று எழுதியிருந்தாய். டக்கென்று திறப்பதைத் தவிர கழுகில் இவை ஒன்றுகூட இல்லை. அது எனக்கு உன் மெசேஜ் வருவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. லொறித் தார்ப்பாய்க் கயிற்றை அறுத்துப் பார்க்கலாம் என்று எடுத்தேன். பாதி அறுபடும்போது கத்தி தானாக மடங்கி என் விரலில் உட்கார்ந்துவிட்டது. பயப்படாதே, சின்னக் காயம்தான். அம்மாவிடம் லொறிக் கதவு நசுக்கிவிட்டது என்று சொன்னேன். முப்பது வருடம் லொறி ஓட்டுகிறவனுக்குக் கதவு சாத்தத் தெரியாதா என்று கேட்டாள். அத்தோடு விட்டுவிட்டாள் என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் சட்டையைத் துவைக்க எடுத்தவள் பையில் கையை விட்டாள். கழுகு வெளியே வந்தது.

இனி ரகளைதான் என்று வாசல் பக்கம் நகர்ந்தேன். அவள் சத்தமே போடவில்லை, மகளே. யாருக்கு என்று மட்டும் கேட்டாள். உனக்கு என்றேன். கத்தியைக் கட்டிலில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். துவைக்க எடுத்த சட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னைக்குக் கத்திய அவ கையில குடுத்தது நாந்தாங்க. கீழ வச்சிருந்தா அவ எடுத்திருப்பா. கையில குடுத்தா ஒறவு அறுந்துரும்னு தெரிஞ்சே குடுத்துட்டேன்."

நம் ஆட்கள் கத்தியையோ அரிவாளையோ கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள், கீழே வைத்துத்தான் எடுப்பார்கள் என்று உனக்குத் தெரியும். நீ படித்தவள், சிரிப்பாய். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. இவ்வளவு நாளும் அவள் கோபத்தில் இருக்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் பயந்துபோய்க் கிடந்திருக்கிறாள். நீ போனில் வேலை இருக்கிறது என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும், உண்மையாகவே அறுந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். ஒரே அறையில் இருந்துகொண்டு இது எனக்குத் தெரியவில்லை. மனசு கஷ்டமாகப் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் எழுந்து முகம் கழுவினாள். கழுகை எடுத்துத் திறந்து மூடிப் பார்த்தாள். அப்புறம் உன் அம்மா பழைய விஜயலெட்சுமி ஆகிவிட்டாள். "இதக் கொண்டுபோயி என் புள்ள வெரல அறுத்துக்கவா? கெளம்புங்க பதுளைக்கு" என்றாள்.

கடையில் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். அஸீஸ் நானா ஒரு கத்தியை எடுத்து நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கீழே வையுங்கள் நானா என்றாள். அவருக்கும் பழக்கம்தான், சிரித்துக்கொண்டே கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தார். அதன் பிறகு ஒவ்வொன்றையும் அப்படித்தான் வைத்தார்.

முதலில் மரப்பிடி போட்ட ஒன்று. பார்க்கவே அழகு. நானா அதன் இரும்பைப் புகழ்ந்தார். தீட்டினால் கூர் லேசில் போகாதாம், ஆனால் மாங்காய்ப்பால் பட்டால் துடைத்து எண்ணெய் பூச வேண்டுமாம், இல்லாவிட்டால் கறுத்துத் துருப்பிடிக்குமாம். அம்மா உடனே தள்ளிவிட்டாள். ராத்திரி சாப்பிட்ட தட்டைக் காலையில் கழுவுகிறவள் கத்திக்கு எண்ணெய் பூசுவாளா என்று கேட்டாள். இது உன் அம்மா கடை நடுவில் நின்று சொன்னது, நான் சொன்னது இல்லை. அதோடு அது நகத்தை வைத்து இழுத்துத் திறக்கிற கத்தி. நீ நகத்தைக் கடித்துக் கடித்து விரலில் ஒன்றும் மிச்சம் வைப்பதில்லை என்பதையும் நானாவிடம் விளக்கமாகச் சொன்னாள்.

இரண்டாவது பெரியது. கையில் வைத்துப் பார்த்தாள். இதைப் பையில் போட்டால் பிள்ளையின் கால்சட்டையே இறங்கிவிடும் என்று வைத்துவிட்டாள். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் கழுகு வாங்கியவனின் பேச்சை யார் கேட்பது?

மூன்றாவதாக வந்தது ஒரு சாதாரணக் கறுப்புப் பிடி. படமும் இல்லை, பளபளப்பும் இல்லை. துருப்பிடிக்காத எஃகு. பெருவிரலால் தள்ளித் திறக்கக் கத்தியின் பக்கத்திலேயே ஒரு சின்னக் குமிழ். உனக்கும் அவளுக்கும் ஒரே அளவு வளையல்தானே, அதனால் தன் கையே போதும் என்று பிடித்துப் பார்த்தாள். நாலு விரலும் பிடிக்குள் அடங்கின. இடது கையால் நானாவின் கடைத் தூணைக் கிளை மாதிரிப் பிடித்துக்கொண்டு வலது கையால் மட்டும் திறந்தாள். நீ தோட்டத்தில் அப்படித்தான் நிற்பாயாம். திறந்து, கத்தியின் முதுகை மேசையில் வைத்து அழுத்தினாள். மடங்கவில்லை. காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினாள். சத்தம் இல்லை. கூர் பார்க்க நானா ஒரு பேப்பரை எடுத்தார். என் பிள்ளை பேப்பர் அறுக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டு, தன் பையிலிருந்து கொய்யாக் குச்சி ஒன்றை எடுத்தாளே பார்க்கலாம். வீட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கிறாள். ஒரே இழுப்பில் சாய்வாக வெட்டி, வெட்டின இடத்தைத் தடவிப் பார்த்தாள். இதுதான் என்றாள்.

விலையைக் கேட்டதும் எனக்குத்தான் இருமல் வந்தது. அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. கழுகை நானா திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை, அது இப்போது லொறி டாஷ்போட்டுக்குள் கிடக்கிறது. பில்லைப் பத்திரமாக வைக்கச் சொன்னார். பொலிஸில் யாராவது கேட்டால் உன் அலுவலக அடையாள அட்டையோடு காட்டலாமாம்.

திரும்பும்போது பஸ்ஸில் லொக்கை விடுவித்து மடக்குவதற்குப் பழகிக்கொண்டே வந்தாள். மூடும்போது விரல் குறுக்கே வராமல் எப்படிப் பிடிப்பது என்று உனக்குச் சொல்லித் தர வேண்டுமாம். பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு இடம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். நான் யாரோ மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பொங்கலுக்குப் பிறகு அவள் உன்னைப் பற்றி இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

அன்புள்ள அப்பா


தெமோதரை
வெள்ளிக்கிழமை

அம்மாடி நிரோ,

இந்தக் கடிதம் தபாலில் வந்தால் பிந்திவிடும். இன்று காலை மட்டக்களப்பு பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். உன் அலுவலகம் பதுளை வீதியிலேயே இருப்பதால், நீ வேலை விட்டுப் போவதற்குள் இறங்கிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஊரில் ஒரு வீதிக்கு நம் ஊர்ப் பெயர் இருப்பதை அம்மாவிடம் சொன்னேன். அப்படியானால் தொலைந்து போக மாட்டேன் என்றாள்.

ஆமாம், அவள் வருகிறாள். நாளைக் காலை பதுளையில் பஸ் ஏறுகிறாள். செங்கலடிச் சந்தியில் இறங்குவாள்.

பார்சல் போடலாம் என்று நான் சொன்னதை அவள் ஒத்துக்கொள்ளவில்லை. எத்தனை பேர் கை மாறிப் போகுமோ என்றாள். நான் கொண்டு போகிறேன் என்றேன். கூட வருகிறேன் என்றேன். நீங்கள் வந்தால் நடுவில் பேசியே கெடுத்துவிடுவீர்கள் என்று சொல்லிவிட்டாள். பண்டாரவளையைத் தாண்டித் தனியாகப் போகாதவள், தோட்டத் துரையிடம் லீவு கேட்டு வாங்கிவிட்டாள்.

கத்தியை வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன் என்கிறாள். நீ நம்பாதே. பையில் நாலு சீலை இருக்கிறது, முறுக்கு இருக்கிறது, உனக்குப் பிடித்த எலுமிச்சை ஊறுகாய் ஒரு போத்தல் இருக்கிறது. தோட்டை வைத்தாளா என்று தெரியவில்லை. வைத்திருந்தால் போட்டுக்கொள், உன் காது ஒன்றும் தேய்ந்துவிடாது.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். பிள்ளைக்குச் சொன்னால் சமைத்தாவது வைப்பாளே, ஏன் இந்த ஒளிவு மறைவு என்று கேட்டேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொன்னாள்.

"சொன்னா, வர வேணாம்னு சொல்லிட்டான்னா நான் என்னங்க பண்ணுவேன்?"

அதற்குப் பிறகு அந்தச் சத்தியத்தை நான் எப்படிக் காப்பாற்றுவது, சொல்லு. சாமி என்னை மன்னிக்கும். நீயும் என்னைக் காட்டிக்கொடுக்காதே. தற்செயலாகச் சந்திக்கு வந்த மாதிரி நில். நாளை சனிக்கிழமைதானே, உனக்கு வேலை இல்லை. பஸ் வருவதற்கு முன்பே போய் நில். அவள் இறங்கி நாலு பக்கமும் பார்க்கும்போது நீ அங்கே இருக்க வேண்டும்.

கத்தியைப் பற்றி நீயாகக் கேட்காதே. அவள் எப்படி வைக்கிறாளோ அப்படி எடுத்துக்கொள். பொங்கலன்று பேசியதற்கு நியாயம் சொல்லாதே, அவளும் சொல்லாமல் பார்த்துக்கொள். பஸ் பயணத்தில் வயிற்றைப் புரட்டும் என்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும்தான் குடித்திருப்பாள். பசிக்கிறது என்று அவள் சொல்ல மாட்டாள். அந்தப் பிடிவாதம் யாருக்கு வந்திருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. சோறு ஆக்குவேன், பருப்பு வேக வைப்பேன், மிச்சத்துக்குப் பக்கத்து வீடு இருக்கிறது. அவளை அவசரப்பட்டுத் திருப்பி அனுப்பிவிடாதே. உன் தோட்டங்களைக் காட்டு. நீ ஒட்டுப் போட்ட மாங்கன்றுகளைக் காட்டு.

நீ நன்றாக இருக்க வேண்டும், அம்மாடி. நீ கேட்டு இந்த வீட்டில் கிடைக்காதவை இனியாவது ஒவ்வொன்றாகக் கிடைக்க வேண்டும். அதற்குப் பதிலாக அப்பா உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும், அவள் வாய் திறப்பதற்கு முன்னால், "சாப்டீங்களாம்மா?" என்று நீ கேட்டுவிடு.

அப்பா